பேறுகால மனச்சோர்வு: யாரைக் கேட்கிறோம், யாரை விட்டுவிடுகிறோம்?

தமிழ்நாட்டில் ஒரு பெண் கருவுற்ற செய்தி கிராம சுகாதார செவிலியரின் காதுக்கு எட்டியதுமே அவளுக்கு பிக்மி என்ற ஒரு கர்ப்பிணிப் பதிவு எண் வந்துவிடுகிறது. அந்த எண் இல்லாவிட்டால் நாளைக்குக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்குவதே சிக்கல். அதற்குப் பிறகு எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை, ஸ்கேன், இரும்புச்சத்து மாத்திரை என்று எல்லாம் வரிசையாக நடக்கும். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. குழந்தை பிறந்தபின் 6, 10, 14ஆவது வாரங்களில் தடுப்பூசி, 9ஆம் மாதம் மறுபடி ஒன்று. கருவுற்றதிலிருந்து குழந்தையின் முதல் பிறந்தநாள் வரை ஒரு தாய் சுகாதாரத் துறையின் கண்ணில் படாமல் இருப்பது அநேகமாக நடக்காத காரியம்.

இத்தனை முறை பார்த்தும் "மனசு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அப்படிக் கேட்கிற இடங்களிலும் ஒரே மாதிரியான ஒரு தாயை நினைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். அவள் கல்யாணமானவள், கணவனோடு வாழ்பவள், தமிழ் பேசுபவள், மடியில் உயிரோடு ஒரு குழந்தை வைத்திருப்பவள். இந்த அச்சில் அடங்காதவர்களும் பெற்றோர்தான். அவர்களுக்கும் இந்த நோய் வருகிறது, சிலருக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே வருகிறது. எல்லோருக்குமான பேறுகால மனநலச் சிகிச்சை வேண்டும் என்கிறோம். யாரைக் கேட்கிறோம், யார் முன்னால் வைத்துக் கேட்கிறோம், பதில் வந்தபிறகு என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது எல்லோருக்குமானதா இல்லையா என்பது முடிவாகும்.

கர்ப்பகாலத்திலோ பிரசவத்துக்குப் பின் ஓராண்டுக்குள்ளோ வரும் மனச்சோர்வைப் பேறுகால மனச்சோர்வு என்கிறார்கள். வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 15.6 சதவீதம் பேருக்கும் பிரசவித்தவர்களில் 19.8 சதவீதம் பேருக்கும் ஏதாவது ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பெரும்பங்கு மனச்சோர்வு. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017இல் வெளிவந்த அலசல், பிரசவித்த பெண்களில் 22 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு என்று கணக்கிட்டது. ஏறத்தாழ ஐந்தில் ஒருத்தி.

பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் காரணம் இல்லாமல் அழுகை வருவதும் எரிச்சல் வருவதும் பெரும்பாலான தாய்மாருக்கு நடப்பதுதான். இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அடங்காமல் நீண்டு, தூக்கத்தையும் பசியையும் ஆசையையும் தின்ன ஆரம்பித்தால் அது நோய். ஆனால் எந்தப் பெண்ணும் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "உடம்பெல்லாம் அசதியா இருக்கு", "தலை பாரமா இருக்கு", "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது", "பிள்ள தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரல" என்றுதான் வருவாள். இன்னும் நெருங்கிக் கேட்டால், "பிள்ளைய பாத்தா எதுவுமே தோண மாட்டேங்குது, நானெல்லாம் ஒரு அம்மாவா" என்று குரல் உடையும். அசதி என்றதும் ரத்தசோகையாக இருக்கும் என்று மாத்திரை எழுதி அனுப்புவது சுலபம். நம் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ரத்தசோகை இருக்கத்தான் செய்கிறது. பிரசவத்துக்குப் பின் தைராய்டும் தடம் மாறலாம். இரண்டையும் பார்க்கத்தான் வேண்டும். அதோடு கேள்வி முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் தப்பு.

வேலூர் சொன்னது

இந்த நோயைப் பற்றி நம் மண்ணிலிருந்து வந்த ஒரு முக்கியமான ஆய்வு, வேலூர் மாவட்டம் கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் நடந்தது. கடைசி மூன்று மாதத்தில் இருந்த 359 கர்ப்பிணிகளைப் பதிவு செய்து, பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் அவர்களில் 301 பேரை மறுபடி சந்தித்தார்கள். 11 சதவீதம் பேருக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. 2002இல் வெளியான அந்த ஆய்வு, யாருக்கு இது அதிகம் வருகிறது என்றும் பார்த்தது. வருமானம் குறைந்த வீடு, மகன் வேண்டும் என்று காத்திருந்த வீட்டில் மகள் பிறந்தது, மாமியாரோடும் சொந்தப் பெற்றோரோடும் மனக்கசப்பு, கர்ப்பகாலத்தில் வந்து சேர்ந்த துயரங்கள், கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஹார்மோன் மாற்றம் என்று ஒற்றை வரியில் இந்த நோயை முடித்துவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. உடம்புக்குப் பங்கு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வேலூர்ப் பட்டியலில் இருப்பது முழுக்க வீடு: காசு, ஆண்பிள்ளை ஆசை, உறவு, கைவேலை. அதிலும் "சொந்தப் பெற்றோர்" என்று இருப்பதைக் கவனியுங்கள். தாய்வீட்டுக்குப் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது நம் நம்பிக்கை. பெற்றோரை மீறிக் கல்யாணம் செய்தவளுக்கும், இரண்டாவதும் பெண்ணா என்று அம்மாவே முகம் சுளிக்கும் வீட்டுக்காரிக்கும் தாய்வீடு அப்படி ஒன்றும் நிழல் தருவதில்லை.

அதே ஆண்டு கோவாவிலிருந்து வந்த ஆய்வு 23 சதவீதத் தாய்மாருக்கு மனச்சோர்வைக் கண்டது. அவர்களில் 78 சதவீதம் பேர் கர்ப்பமாக இருந்தபோதே மனதளவில் நலிந்திருந்தார்கள். அதாவது, நாம் பிரசவத்துக்குப் பின் தேடுகிற நோய் பெரும்பாலும் வளைகாப்புக்கு முன்பே வந்து உட்கார்ந்துவிடுகிறது. வறுமையும் கணவனோடு ஒட்டாத வாழ்க்கையும் அங்கேயும் முன்னால் நின்றன. அடியும் பசியும் இருந்த வீடுகளில் பிறந்தது பெண் குழந்தையா ஆண் குழந்தையா என்பது தாயின் மனநிலையை மேலும் புரட்டிப்போட்டது. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனையிலேயே மனதைப் பற்றியும் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

கேட்கிற முறை

கேட்பதற்கான கருவி கையில் இருக்கிறது. 1987இல் ஸ்காட்லாந்தில் உருவான எடின்பரோ அளவுகோல் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. கடந்த 7 நாட்களைப் பற்றி 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. சிரிக்க முடிந்ததா, எதையாவது ஆவலாக எதிர்பார்த்தீர்களா, தேவையில்லாமல் உங்களையே குற்றம் சொல்லிக்கொண்டீர்களா என்று போகும். இதன் தமிழ் வடிவத்தை வேலூர் மருத்துவர்கள் சோதித்துப் பார்த்து 2005இல் வெளியிட்டார்கள். மனச்சோர்வு இருக்கலாம் என்று கருத ஆங்கிலத்தில் 13ஐ ஒட்டி வைத்திருந்த எல்லைக்கோட்டைத் தமிழ்த் தாய்மாருக்கு 9ஐ ஒட்டி இறக்க வேண்டியிருந்தது. நம் பெண்கள் துயரத்தைக் குறைத்தே சொல்கிறார்கள் என்பது என் ஊகம். வேறு காரணமும் இருக்கலாம். எப்படியானாலும், வெளிநாட்டு எல்லைக்கோட்டை அப்படியே வைத்துக்கொண்டால் பலர் விடுபட்டுப் போவார்கள்.

கருவி இருந்தால் மட்டும் போதாது. ஒரு புதன்கிழமை காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். தடுப்பூசி நாள். வராந்தா பெஞ்சில் குழந்தையை மாமியார் மடியில் வைத்திருப்பார். தாய் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பின்னால் இருபது பேர் வரிசையில். செவிலியர் தலையை நிமிர்த்தாமலே, "பால் கொடுக்கிறியா, நல்லா இருக்கியா?" என்பார். "நல்லாத்தான் இருக்கா, வேளாவேளைக்குச் சாப்பிட மட்டும் மாட்டேங்கிறா" என்று மாமியார் பதில் சொல்வார். அளவுகோலின் பத்தாவது கேள்வி, தன்னையே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அந்த வராந்தாவில், அந்தக் கூட்டத்தில், மாமியார் காதுபட எந்தப் பெண் அதற்கு உண்மையான பதிலைச் சொல்வாள்?

இதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. குழந்தையை எடை போடப் பாட்டி தூக்கிக்கொண்டு போகிற ஐந்து நிமிடம் போதும். பால் கொடுக்கிற அறையில் கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். "உனக்கு ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டால் "இல்லக்கா" என்றுதான் வரும். "இந்த நேரத்துல நிறைய பேருக்கு மனசு ஒரு நிலையில இருக்காது, அழுகையா வரும், உனக்கு எப்படிம்மா இருக்கு?" என்று ஆரம்பித்தால் அவள் பேச ஒரு வாசல் திறக்கும். படிக்கத் தெரியாதவளிடம் தாளை நீட்டாமல் வாய்விட்டுக் கேட்க வேண்டும். பத்தாவது கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால், மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும் அன்றைக்கே அவளை மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

கேட்டபிறகு என்ன செய்கிறோம் என்பது இதைவிடக் கடினமான கேள்வி. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, 0.75 என்பது 2019இல் வெளிவந்த கணக்கு. அனுப்ப இடம் வைத்துக்கொள்ளாமல் கேள்வித்தாளை மட்டும் கொடுத்தால் செவிலியருக்கு இன்னொரு பதிவேடு கூடும், தாய்க்கு "தைரியமா இரு" என்ற வார்த்தை மட்டும் கிடைக்கும். மனதைத் திறந்து காட்டியவளை அப்படித் திருப்பி அனுப்புவது கேட்காமலே இருந்ததைவிடக் கொடுமை.

அச்சுக்கு வெளியே

முதலில், நம் வழக்கமே உண்டாக்கும் ஓர் இடைவெளி. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து போனவள், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு புகுந்த வீட்டுக்குத் திரும்புகிறாள். அவளுடைய பிக்மி எண் அவளோடு பயணம் போகிறது. அவளை அறிந்த செவிலியர் போக முடியாது. கர்ப்பத்தில் பழகியவர் ஒருவர், பிரசவத்தின்போது வேறொருவர், திரும்பி வந்தபின் மறுபடி ஒருவர் என்றால் எவரிடம் மனம் விட்டுப் பேசுவது? தாய்வீட்டு ஓய்வு முடிந்து, சமையலும் துணியும் பிள்ளையும் ஒரேயடியாகத் தலையில் விழும் அந்தத் திரும்பும் மாதம்தான் கண்காணிப்பு கூட வேண்டிய மாதம். அப்போது பதிவேட்டில் "பிரசவத்துக்குப் பின் கவனிப்பு முடிந்தது" என்று எழுதியிருக்கும்.

அடுத்து, குழந்தை கையில் இல்லாதவர்கள். வயிற்றிலேயே குழந்தை இறந்து பிறந்தவளும் பிரசவித்தவள்தான். அவளுக்கும் தையல் வலிக்கும், ரத்தப்போக்கு இருக்கும், மூன்றாம் நாள் பால் சுரந்து மார்பு கட்டிக்கொள்ளும். பால் வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள். வேறு இடம் இல்லாததால் பல மருத்துவமனைகளில் பச்சிளங் குழந்தைகள் அழும் அதே வார்டில்தான் படுக்கை. வீட்டில், குழந்தையின் முகத்தைக் காட்டினால் தாங்கமாட்டாள் என்று காட்டாமலே அடக்கம் செய்துவிடுவார்கள். "அடுத்த வருஷமே இன்னொண்ணு பெத்துக்கலாம்" என்பார்கள். எல்லாம் அன்பில் சொல்வதுதான். ஆனால் குழந்தை இல்லாததால் தடுப்பூசி இல்லை. தடுப்பூசி இல்லாததால் செவிலியர் வருவதற்குக் காரணமும் இல்லை. மனச்சோர்வுக்கு மிக அருகில் நிற்கும் தாயிடமிருந்து சுகாதாரத் துறை முதல் ஆளாக விலகிப்போவது இப்படித்தான். கருச்சிதைவு ஆனவளுக்கும் இதே கதி. கருச்சிதைவுக்கு 6 வார ஊதிய விடுப்பு சட்டப்படி உண்டு. அப்படி ஒன்று இருப்பதே வேலைக்குப் போகும் பல பெண்களுக்குத் தெரியாது. இறப்பு பதிவான வீட்டுக்கு ஒரு முறைக்கு இரு முறை போய் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும் என்று செவிலியரின் வேலைப்பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும். பணச் செலவு கிடையாது.

தந்தையருக்கும் மனச்சோர்வு வரும் என்றால் இன்னமும் பலர் சிரிக்கிறார்கள். மனைவி கருவுற்ற காலத்திலிருந்து குழந்தையின் முதல் பிறந்தநாள் வரை ஆண்களில் 10.4 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த ஓர் அலசல் 2010இல் சொன்னது. குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்போது அது உச்சத்தில் இருந்தது. தாய்க்கு இருந்தால் தந்தைக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். ஆணிடம் அது அழுகையாக வெளிப்படுவது குறைவு. எரிந்து விழுவது, வேலையிலேயே கிடப்பது, வீட்டுக்கு லேட்டாக வருவது, குடி கூடுவது என்று வெளிப்படும். "பிள்ள பொறந்ததும் இவன் மாறிட்டான்" என்று வீடு சொல்லும். அவனுக்கோ, பிரசவச் செலவுக்கு வாங்கிய கடன், வாரத்தில் ஒரு நாள் மாமனார் வீட்டு வாசலில் விருந்தாளியாகப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரும் நிலை. மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் வேலையில் தந்தைக்கு விடுப்பு தரவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. இங்கிலாந்தில் 2019இல் அறிவித்த சுகாதாரத் திட்டம், பேறுகால மனநலச் சிகிச்சைக்கு வரும் பெண்ணின் துணைவரையும் பரிசோதிக்க வேண்டும் என்று எழுதியே வைத்தது. தடுப்பூசிக்குக் கூட வரும் அப்பாவிடம் "நீங்க எப்படி இருக்கீங்க தம்பி?" என்று கேட்பதை நாமும் இங்கே தொடங்கலாம்.

இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கணவரைச் சேர்த்துக்கொள்கிறோம் என்ற பெயரில் மனைவி தனியாகப் பேசும் நேரத்தை எடுத்துவிடக் கூடாது. அடி விழும் வீட்டில், அந்தத் தனி நேரம் ஒன்றுதான் அவள் பேசக் கிடைக்கும் இடம். இருவரையும் கேட்க வேண்டும், தனித்தனியாக.

ஏற்கெனவே மனநலச் சிகிச்சையில் இருக்கும் பெண்களின் நிலை வேறு. கர்ப்பம் என்று தெரிந்த அன்றே பிள்ளைக்கு ஆகாது என்று எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். சில நேரம் அருகில் இருக்கும் மருத்துவரே நிறுத்தச் சொல்கிறார். மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துவந்த 201 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களில் 68 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு. எல்லா மருந்தும் ஒன்றல்ல. மனநிலையைச் சீராக்கத் தரும் வால்ப்ரோயேட் போன்றவை கருவுக்குக் கேடு என்பது உறுதி. அவற்றை மாற்றியே ஆக வேண்டும். மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் போன்றவை தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே போகின்றன. பால் கொடுக்கும் தாய்மாருக்கு உலகெங்கும் எழுதப்படுகின்றன. எதை நிறுத்துவது, எதை மாற்றுவது, எதைத் தொடர்வது என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே அதைப் பேசிவிட்டால் இன்னும் நல்லது.

ஆனால் இந்தப் பெண்களில் பலர் வாயே திறப்பதில்லை, அதற்குக் காரணமும் இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் மனநோய் விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்று. அம்மா வீட்டில் ரகசியமாக மாத்திரை சாப்பிட்டு, புகுந்த வீட்டில் டப்பாவை மாற்றி ஒளித்துவைத்து வாழ்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்று முடிவாவதால் மட்டும், நீதிமன்றம் அப்படி அறிவிக்காதவரை, அவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் ஆகிவிடமாட்டார் என்றும் சொல்கிறது. செவிலியர் தன் பதிவேட்டில் எதை எழுதுகிறார், அதை யாரெல்லாம் பார்க்கலாம் என்பது இவர்களுக்கு வாழ்க்கைப் பிரச்சினை.

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வடக்கிலிருந்து வந்து, ஒரே அறையில் குழந்தை பெற்று வளர்க்கும் பெண்களுக்குத் தாய்வீடும் இல்லை, செவிலியரின் தமிழும் புரிவதில்லை. காது கேளாத தாயிடம் சைகை மொழியில் கேட்க ஆள் இல்லை. தத்தெடுத்த தாய்க்கும் இந்த மனச்சோர்வு வரலாம். "நீ என்ன வயித்தில சுமந்தியா" என்ற ஒரே வார்த்தையில் அவளை மூடிவிடுகிறார்கள். திருநம்பி ஒருவர் கருவுற்றால் மகப்பேறு வார்டில் அவரை எங்கே படுக்கவைப்பது என்பதிலேயே குழப்பம். 2023இல் கோழிக்கோட்டில் திருநர் இணையருக்குக் குழந்தை பிறந்தது. பிறப்புச் சான்றிதழில் தந்தை, தாய் என்று பிரிக்காமல் "பெற்றோர்" என்று எழுத 2025இல்தான் கேரள உயர் நீதிமன்றம் வழிவிட்டது. பாலினம், பாலியல் நாட்டம், சாதி, மதம், வர்க்கம், மாற்றுத்திறன் எதைக்கொண்டும் பாகுபாடு காட்டாமல் மனநலச் சிகிச்சை பெறுவது உரிமை என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே இது யாருடைய இரக்கத்தையும் நம்பி நிற்கிற விஷயம் கிடையாது.

மருத்துவர் குறைவாக இருக்கும் ஊரில்

பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில் நடந்த ஒரு முயற்சியைப் பற்றி நான் போகிற இடமெல்லாம் சொல்வதுண்டு. மனநல மருத்துவர் அதிப் ரஹ்மானும் அவர் குழுவினரும், ஊரில் ஏற்கெனவே வீடுவீடாகப் போய்வரும் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கு எளிய பேச்சு சிகிச்சையைக் கற்றுக்கொடுத்தார்கள். மனச்சோர்வு இருந்த 903 கர்ப்பிணிகளில் ஒரு பாதி ஊர்களைச் சேர்ந்தவர்களுக்கு இந்தப் பேச்சு சிகிச்சை கிடைத்தது. மற்ற ஊர்களில் இந்தப் பயிற்சி பெறாத பணியாளர்கள் அதே எண்ணிக்கையில் வீட்டுக்குப் போய்வந்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, சிகிச்சை கிடைத்தவர்களில் 23 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு மிச்சமிருந்தது. மற்றவர்களில் 53 சதவீதம் பேருக்கு. 2008இல் வெளியான இந்த முடிவுதான் பின்னால் உலக சுகாதார நிறுவனம் கையேடாகவே வெளியிட்ட திட்டத்துக்கு அடிப்படை.

அவர்கள் வீட்டுக்குள் நுழைந்த விதம் என்னை மிகவும் கவர்ந்தது. "உங்க மருமகளுக்கு மனநோய், வைத்தியம் பார்க்க வந்திருக்கோம்" என்று சொல்லவில்லை. குழந்தை நன்றாக வளர வேண்டும், அதற்காகத் தாயோடு பேச வந்திருக்கிறோம் என்றார்கள். பேரப்பிள்ளை நன்றாக வளர வேண்டாம் என்று எந்த மாமியார் சொல்வார்? முத்திரை குத்தாமல், குடும்பத்தைப் பகைக்காமல், தாயின் மனதுக்குச் சிகிச்சை நடந்தது. நம்மூர்க் கூட்டுக்குடும்பத்துக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. கோவாவில் இதையே பிள்ளை பெற்று வளர்த்த சாதாரணப் பெண்களை "சகி"களாகப் பயிற்றுவித்துச் செய்துபார்த்தார்கள். பலன் ராவல்பிண்டி அளவுக்கு இல்லை, ஆனால் இருந்தது. கேரளத்தில் "அம்ம மனசு" என்ற பெயரில் அரசே தாய்மாரின் மனநலத்தைக் கேட்கும் திட்டம் நடத்துகிறது.

நோய் முற்றியவர்களுக்கு மருத்துவமனைச் சேர்க்கை தேவைப்படும். அப்போது குழந்தையை என்ன செய்வது? பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009இல் மருத்துவர் பிரபா சந்திரா முன்னின்று தொடங்கிய தாய்-சேய் மனநலப் பிரிவில் இருவரையும் சேர்த்தே வைத்துப் பார்க்கிறார்கள். பால் கொடுப்பதும் குளிப்பாட்டுவதும் செவிலியர் துணையோடு அங்கேயே தொடரும். 2017 சட்டத்தின் 21ஆம் பிரிவும் இதைத்தான் சொல்கிறது: சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது; குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதிப் பிரித்தால் 15 நாளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும்; 30 நாளைத் தாண்டினால் மனநல ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். நல்ல சட்டம். தாயும் சேயும் சேர்ந்து தங்கக் கட்டில் எத்தனை மருத்துவமனையில் இருக்கிறது என்று பார்த்தால்தான் மனம் சோர்ந்துபோகிறது. ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும் இரண்டு கட்டில், ஒரு தொட்டில், ஒரு கதவு. இதைக் கேட்பது பேராசை என்று எனக்குத் தோன்றவில்லை.

இறப்பைக் கணக்கில் வைப்பதிலும் ஒரு பிழை இருக்கிறது. கர்ப்பத்திலோ பிரசவத்தை ஒட்டியோ ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டால் அதை நேரடி மகப்பேறு மரணமாகவே எண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012இல் வழிகாட்டியது. ஆனால் மகப்பேறு மரணம் என்ற கணக்கு பிரசவமாகி 42ஆம் நாளோடு முடிந்துவிடுகிறது. மூன்றாம் மாதத்தில் இறந்தவள் அந்தக் கணக்கில் வரமாட்டாள். கல்யாணமாகி ஏழு ஆண்டுக்குள் என்பதால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை நடக்கும். வரதட்சணைக் கொடுமை இருந்ததா என்று கேட்பார்கள்; கேட்கத்தான் வேண்டும். தூங்கினாளா, சாப்பிட்டாளா, பிள்ளையைப் பார்த்து என்ன சொன்னாள், தடுப்பூசிக்கு வந்தபோது யாராவது பேசினார்களா என்று கேட்பது அந்த விசாரணையின் வேலை இல்லை. ரத்தப்போக்கில் ஒரு தாய் இறந்தால் எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை நிமிடம் தாமதம் என்று தோண்டித் துருவும் நம் மகப்பேறு மரணத் தணிக்கையின் மேசைக்கு இவளுடைய கோப்பும் வர வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு இப்போதே தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் தூக்கமின்மையும் வெறுமையும் தொடர்ந்தால், தாயோ தந்தையோ, 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரிலிருந்து நடக்கும் இந்த அரசு மனநல ஆலோசனைச் சேவை 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழிலும் இந்தி உள்ளிட்ட வேறு மொழிகளிலும் கிடைக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரை அரசுத் தலைமை மருத்துவமனையில் பார்க்கலாம். பச்சை உடம்புக்காரி என்று பத்தியத்தைக் கூட்டுவதைவிட, இரவில் ஒரு நான்கு மணி நேரம் அவள் தொடர்ந்து தூங்கும்படி வேறொருவர் குழந்தையை வைத்துக்கொள்வது மேல்.

இன்னொன்று, மனச்சோர்விலிருந்து வேறானது, அவசரமானது. ஆயிரம் பிரசவத்துக்கு ஒருவர் அல்லது இருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும் மனப்பிறழ்வு. இரண்டு மூன்று நாளாகத் தூக்கமே இல்லாமல் இருப்பது, சம்பந்தமில்லாமல் பேசுவது, குரல்கள் கேட்கிறது என்பது, இது என் பிள்ளையே இல்லை என்பது, நேரத்துக்கு ஒரு குணமாக மாறுவது என்று திடீரென்று தொடங்கும். முன்பு இருதுருவ மனநோய் (மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் நோய்) இருந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். காற்று கருப்பு என்று மந்திரிக்கவும், ஜன்னி கண்டுவிட்டது என்று கஷாயம் காய்ச்சவும் இதில் நேரம் இல்லை. தாயையும் குழந்தையையும் தனியாக விடாமல், 108ஐ அழைத்து அன்றைக்கே மனநலப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். முறையாகச் சிகிச்சை பெற்ற பெரும்பாலானோர் நன்றாகக் குணமாகிறார்கள். தாய்ப்பால் கொடுக்கிறாள் என்பதைச் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள். அதற்கு ஏற்றபடி மருந்தைத் தேர்ந்தெடுக்க மருத்துவருக்கு உதவும்.